கரடி மாமா பேசக் கூடாது

புயல் உருவாகிவிட்டது என்று வானொலி சொன்ன அன்றே பல்செட்காரர் கேளிக்கைப் பூங்காவுக்குப் போன் போட்டார். பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. சனிக்கிழமை குடும்பத்தோடு வருவதாக முன்பதிவு செய்திருக்கிறோம், புயலும் அன்றைக்குத்தான் வருகிறதாம், எங்கள் வருகையைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்றுதான் கேட்டார். மறுமுனையில் இருந்த பெண் இனிமையாகச் சிரித்தாள். சிரித்து முடித்தபின், “எது வருது சார்?” என்றாள்.

“புயல்மா.”

“அப்படி ஒரு வார்த்தை எங்ககிட்ட இல்லையே சார்.”

“வார்த்தை இல்லாட்டி என்னம்மா, புயல் இருக்கே?”

“கூடுதல் காற்றோட்டம்னு ஒண்ணு இருக்கு. அதைச் சொல்றீங்களா?”

பல்செட்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தார். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொள்வது அவர் சுபாவம். பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் அவருக்கு வேலை. அச்சு வார்த்து, மெழுகில் ஈறு வடித்து, செயற்கைப் பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பார். நாள் முழுக்க முகமில்லாத வாய்களோடு பழகியவர் என்பதால், முகத்தோடு எதிரே வருகிற வாய்களிடம் கொஞ்சம் கூச்சம். யாராவது உறுதியாகப் பேசினால், அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொள்வார். அவர் மனைவி மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். இவருக்கு லீவு கிடைத்தால் அவளுக்குக் கிடைக்காது, அவளுக்குக் கிடைத்தால் இவருக்கு யாராவது அவசரமாகப் பல் கேட்பார்கள். இருவருக்கும் சேர்ந்து லீவு அமைவது கிரகணம் மாதிரி. அப்படி அமைந்த சனிக்கிழமை அது. மூன்றாம் வகுப்பில் இருந்த மகளை வீட்டில் வாலு என்பார்கள். பூங்காவின் கரடி மாமாவைப் பார்க்கப்போவதாகத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள்.

“தேதி மாத்தணும்னா தாராளமா மாத்தலாம் சார்,” என்றாள் போனில் இருந்தவள். “ஆனா நேர்ல வரணும். நீங்க வர்றதா இருக்கிற அன்னைக்கே வரணும்.”

“புயல்ல... அதாவது, காற்றோட்டத்துல வர வேணாம்னுதானேம்மா தேதியே மாத்தணும்கறேன்?”

“ஆமா சார். அதை நேர்ல வந்து சொன்னீங்கன்னா போதும்.”

“பூங்காவை மூடிட்டா?”

“மூடினா உங்களுக்குத் தானாவே வேற தேதி கிடைச்சுடும் சார். ஆனா அரசாங்கம் சொன்னாத்தான் மூடுவோம். இதுவரைக்கும் சொன்னதே இல்ல.” சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

பல்செட்காரர் விடாமல் அரசாங்க அலுவலகத்துக்கும் போன் போட்டார். அங்கே எடுத்தவர் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார். கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்று பல்செட்காரருக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.

“ஆபத்தான இடங்களை மூடச் சொல்லிட்டோம் சார். பூங்கா அந்தப் பட்டியல்ல இல்ல.”

“கடலோரமா இருக்கே சார்?”

“இருக்கு. ஆனா ஆபத்தில்ல.”

“எப்படித் தெரியும்?”

“பூங்காக்காரங்களே சொல்லிட்டாங்களே. ஆபத்து இருந்தா மூடியிருக்க மாட்டாங்களா?”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். “போகாமலே விட்டுட்டா என்னங்க?”

“விட்டுடலாம். ஆனா தேதி போயிடும். அடுத்து உனக்கு எப்ப லீவு?”

அவள் தட்டை மறுபடி அருகே இழுத்துக்கொண்டாள். வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியாவது முடிவெடுத்திருக்கலாம்.

“ரேடியோவுல வடக்க திரும்பிடும்கறாங்க,” என்றார் பல்செட்காரர். “காலையில சீக்கிரம் போவோம். தேதியை மாத்துவோம். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவோம்.”

அது புத்தியுள்ள திட்டமாகத்தான் தோன்றியது. அதே திட்டத்தோடு வந்தவர்களின் கார்கள் சனிக்கிழமை காலை பூங்காவின் வாகன நிறுத்தத்தை நிறைத்திருந்தன. வானம் பழைய காயத்தின் நிறத்தில் இருந்தது. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் பேச்சு ஒவ்வொன்றுக்கும் இடையில் அது புகுந்து உறுமியது.

வாசலில் மஞ்சள் சட்டை போட்ட மகிழ்ச்சி அலுவலர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் மேல்வரிசைப் பல் முழுவதும் தெரியச் சிரித்தார்கள். காற்று மணலை வாரி அடித்தபோதும் உதட்டை மூடவில்லை. பல்செட்காரர் ஒருத்தியிடம் போய், தேதி மாற்றுகிற இடம் எங்கே என்று கேட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டே மூவர் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு காகிதப் பட்டையை மாட்டிவிட்டாள். “உள்ளே, நீரூற்றுக்குப் பக்கத்துல சார். நல்லா அனுபவிங்க!”

நீரூற்றுக்குப் பக்கத்தில் இருந்த அலுவலர் மூவரின் கைகளையும் பார்த்துவிட்டு வருத்தத்தோடு சிரித்தார். “பட்டை மாட்டிட்டாங்களே சார். பட்டை மாட்டிட்டா வருகை முடிஞ்சதா அர்த்தம். முடிஞ்ச வருகைக்குத் தேதி மாத்த முடியாது.”

“இன்னும் எதையும் பாக்கலையே சார்!”

“உள்ளே காலடி வச்சதே ஓர் அனுபவம்தான். எங்க விளம்பரத்தைப் பாக்கலையா நீங்க?”

மனைவி இவருடைய முழங்கையைப் பிடித்தாள். “போதும்ங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம். தேதியும் வேணாம் ஒண்ணும் வேணாம்.”

திரும்பி வந்தால் வாசல்காவலர் கையை விரித்து நின்றார். “இது உள்ளே வர்ற வழி சார். இதுல வெளிய விட்டா இது வெளிய போற வழியாயிடும்.”

“வெளிய போற வழி எங்க இருக்கு?”

“பரிசுப்பொருள் கடை வழியா போகணும். சாயங்கால ஊர்வலம் முடிஞ்சதும் கடை திறப்பாங்க.”

“புயல் வருதுங்க. குழந்தை இருக்கா,” என்றாள் மனைவி.

அந்த வார்த்தையைக் கேட்டதும் காவலர் இரண்டு பக்கமும் பார்த்தார். சிரிப்பு முதல்முறையாகக் கொஞ்சம் சுருங்கியது. “எனக்கும் ரெண்டு இருக்கும்மா,” என்றார் மெதுவாக. பின் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து சிரிப்பைப் பழைய அளவுக்கு விரித்துக்கொண்டார்.

ஆக, உள்ளே இருந்தார்கள். இருக்கிற வரைக்கும் எதையாவது காட்டுவோம் என்று வாலுவைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். ராட்டினத்தின் முன்னால் ‘ராட்டினம் ஓய்வெடுக்கிறது’ என்று பலகை தொங்கியது. அதற்கு அடுத்த ரயிலும் ஓய்வெடுத்தது. அதற்கும் அடுத்த தொங்கு நாற்காலிகள் ஆளில்லாமலே தறிகெட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே பலகை வைக்க முயன்ற அலுவலர் பலகையோடு சேர்ந்து வேலிப்பக்கம் போய்விட்டார். ஒலிபெருக்கி ஓயாமல் பேசியது. “அன்பு விருந்தினர்களே, இன்று உங்களுக்காகச் சிறப்புக் காற்றோட்டம்! தொப்பிகளைக் கையில் பிடித்து மகிழுங்கள்!”

அந்த நேரத்தில்தான் கரடி மாமா வந்தார்.

பழுப்பு ரோமம், பெரிய தலை, ஒரு குட்டிக் குடைக்குள் அடங்காத உடம்பு. வாலு ஓடிப்போய் அந்த வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். பக்கத்தில் நின்ற மகிழ்ச்சி அலுவலர் விதிகளை ஒப்பித்தார். கரடி மாமா பேச மாட்டார். குழந்தைகள் முன்னால் ஒருபோதும் தலையைக் கழற்ற மாட்டார். ஏனென்றால் அவர் கரடி. கரடிக்குத் தலையைக் கழற்ற வராது.

“அப்பா, மாமாவுக்கு மூச்சு வாங்குது,” என்றாள் வாலு, வயிற்றிலிருந்து காதை எடுக்காமலே.

அப்போது ஒரு தகரத் துண்டு பறந்து வந்தது. கரடி சட்டென்று திரும்பித் தன் அகன்ற முதுகை அதற்குக் கொடுத்து வாலுவை மறைத்துக்கொண்டது. டொம் என்று அடி விழுந்தது. உள்ளேயிருந்து சின்னதாக ஒரு முனகல். பெண் குரல். அலுவலர் உடனே கைதட்டி, “பாத்தீங்களா, கரடி மாமாவோட சாகசம்!” என்றார்.

சாயங்கால ஊர்வலம் சொன்னபடி நடந்தது. நடத்தாவிட்டால் கடை திறக்க முடியாது, கடை திறக்காவிட்டால் யாரும் வெளியே போக முடியாது என்பதால், விருந்தினர்கள் எல்லோரும் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று நின்றார்கள். காகித ராணி தன் கிரீடத்தைத் துரத்திக்கொண்டு வந்தாள். மேளக்காரர்கள் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்தார்கள். அட்டை அரண்மனையின் மாடம் பெயர்ந்து பலூன் விற்கிறவரின் நெற்றியில் விழுந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். விரல்களுக்கு இடையே இரத்தம் வடிந்தது. எதிர்க் கட்டடத்து மாடியில் நின்ற தலைமை மகிழ்ச்சி அலுவலர் ஒலிவாங்கியில், “தத்ரூபமான நடிப்பு! பலத்த கைதட்டல் கொடுங்கள்!” என்றார். சிலர் தட்டவும் செய்தார்கள். பல்செட்காரரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தன் துப்பட்டாவைக் கிழித்து அந்த நெற்றியில் கட்டினாள். காயத்தைப் பார்த்தவள் நிமிர்ந்து மாடியைப் பார்த்த பார்வையைப் பல்செட்காரர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

தலைமை மகிழ்ச்சி அலுவலர் பேசினார். “விருந்தினர்களே, இந்தப் பூங்கா தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாள்கூட மூடப்பட்டதில்லை. என் தகப்பனார் இறந்த அன்றுகூட நான் இதே இடத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன். அன்று வந்த விருந்தினர் ஒருவருக்குக்கூட அது தெரியாது. அதுதான் மகிழ்ச்சி! இன்றைக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டாத எதுவும் உங்களுக்குத் தெரிய வராது. அதற்கு நான் பொறுப்பு.”

அவர் பேசி முடிப்பதற்குள் பரிசுப்பொருள் கடையின் கூரை போய்விட்டது. கடைக்கு அப்பால், வாகன நிறுத்தம் இருந்த இடத்தில் கார்களின் மேற்பகுதிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஊருக்குப் போகிற பாலம் தெரியவே இல்லை. ஒலிபெருக்கி ஒரு நொடி யோசித்தது. “அன்பு விருந்தினர்களே, நீர் விளையாட்டுப் பகுதி விரிவுபடுத்தப்பட்டுள்ளது. அனைவரும் உள்ளரங்க மகிழ்ச்சிக்காகப் பாதாள அரண்மனைக்கு வரவும்.”

பாதாள அரண்மனை என்பது பெயருக்கு ஏற்ற இடம். படிகள் இறங்கிக்கொண்டே போயின. நீலச் சாயம் பூசிய பெரிய கூடம், சுவரெல்லாம் வரைந்த மீன்கள், கூரையிலிருந்து தொங்கும் பஞ்சுப் பாசி.

“தண்ணி வர்ற நேரத்துல கீழயா இறங்குறது?” என்று மனைவி கேட்டாள்.

“மேல இருக்கிற கட்டடங்கள் ஊழியர்களுக்கு மட்டும்மா,” என்றார் அலுவலர். “விருந்தினர் அங்க போனா இயந்திரம், கம்பி எல்லாம் தெரியும். மாயம் கலைஞ்சிடும்.”

பின்னால் வந்த கூட்டம் தள்ளியது. இறங்கினார்கள். கதவை வெளிக்காற்று தள்ளாதபடி குறுக்குக் கட்டை போட்டார்கள். தலைமை மகிழ்ச்சி அலுவலர் மேடையேறி, குழந்தைகளுக்காகக் கரடி மாமா ஆடப்போகிறார் என்று அறிவித்தார். பாட்டு தொடங்கியது. கரடி ஆடியது.

ஆடிக்கொண்டே மேடையின் பின்பக்கம் போன கரடி, திரும்பி வந்தபோது கால்ரோமம் முழங்கால்வரை நனைந்து கறுத்திருந்தது. தலைமையின் அருகே போய் அவர் கையைப் பிடித்து இழுத்தது. அவர் கையை உதறிவிட்டுச் சிரித்தார். கரடி கூட்டத்தைப் பார்த்தது. இரண்டு கையையும் தரையிலிருந்து மேலே மேலே உயர்த்திக் காட்டியது. குழந்தைகள் சிரித்துக்கொண்டு தாங்களும் கைகளை உயர்த்தினார்கள். மேடைக்கு வலப்பக்கம் மீன்கள் வரைந்த சுவரைக் காட்டியது. எல்லோரும் மீன்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். கரடி தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுமுட்டுவதுபோல் தள்ளாடியது. “ஐயோ, என்னமா நடிக்குது!” என்றார் பக்கத்திலிருந்த ஒருவர். அவருடைய செருப்பு நனைந்திருந்தது, அவர் குனிந்து பார்க்கவில்லை.

“அப்பா, மாமா ஆடல,” என்றாள் வாலு. “என்னமோ சொல்றார்.”

கரடி நின்றது. பெரிய கைகள் இரண்டையும் தாடைக்கு அடியில் கொடுத்துத் தலையைத் தூக்கிக் கழற்றியது.

உள்ளே ஒரு பெண். இருபதைத் தாண்டியிருக்க மாட்டாள். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது.

“கடல் உள்ள வந்துடுச்சு!” என்று கத்தினாள். “பின்பக்கம் பூரா தண்ணி! அந்த மீன் சுவருக்குப் பின்னால ஊழியர் படிக்கட்டு இருக்கு, குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க!”

கூடத்தில் ஒரு கணம் பாட்டு மட்டும் கேட்டது.

“மாமா இல்லப்பா,” என்றாள் வாலு வியப்போடு. “அக்கா!”

தலைமை மகிழ்ச்சி அலுவலர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, பொத்தியும் எல்லோருக்கும் கேட்கும்படி, “தலையைப் போடு! குழந்தைங்க பாக்கறாங்க!” என்றார்.

மேடைக்குப் பின்னாலிருந்த திரை உப்பி, கிழிந்து, தண்ணீர் வந்தது.

மீன் சுவரில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. அதன்மேலும் மீன்தான் வரைந்திருந்தார்கள், கதவு என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக. அந்தப் பெண் அதை இழுத்துத் திறந்தாள். வெள்ளம் அதை மூடப் பார்த்தது. திறந்த கதவுக்கும் சுவருக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, அவள் ஒவ்வொருவராக உள்ளே தள்ளினாள். முதலில் குழந்தைகள், அப்புறம் பெரியவர்கள், நெற்றியில் கட்டுப் போட்ட பலூன்காரர், மஞ்சள் சட்டைக்காரர்கள். தலைமையும் போனார். ஒலிவாங்கி அவர் கையிலேயே இருந்தது.

தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்தபோது பல்செட்காரரின் குடும்பம்தான் கடைசி. வாலுவைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் படியில் கால் வைத்தார். மனைவி நின்றுவிட்டாள்.

“நீயும் வாம்மா.”

“கால் நகரலைக்கா,” என்றாள் அந்தப் பெண். “ரோமம் பூரா தண்ணி குடிச்சிருச்சு. கல்லு மாதிரி கனக்குது.”

“திரும்பு, ஜிப்பைக் கழட்டறேன்.”

“கழட்ட முடியாதுக்கா. பூட்டியிருக்கு.”

மனைவி அவள் முதுகு ரோமத்தைத் தண்ணீருக்குள் கையால் தடவினாள். ஜிப்பின் மேல்முனையில் ஒரு சின்னப் பூட்டு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது.

“சாவி?”

“உடை அறையில இருக்கும். நாங்களா கழட்டிடக் கூடாதுன்னு பூட்டிடுவாங்க.”

பல்செட்காரர் வாலுவை மேல்படியில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார். பூட்டை முறுக்கினார். தையலைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார். குழந்தைகள் பிய்த்துவிடாதபடி உறுதியாகத் தைத்த துணி அது. பல்லால் கடித்து இழுத்தார். தண்ணீர் அவர் வாய்க்குள் போனது. மனைவி அந்தப் பெண்ணின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தாள். அந்தப் பெண் ஒரு சாண் நகர்ந்தாள், ஆனால் நிலையைத் தாண்டவில்லை. அவள் இடத்தைவிட்டு நகர்ந்ததும் கதவு வெள்ளத்தோடு சேர்ந்து வந்து அடித்தது. பல்செட்காரரும் மனைவியும் படிக்கட்டின் பக்கம் விழுந்தார்கள். அந்தப் பெண் மற்றப் பக்கம்.

கதவுக்கு அப்பால் சிறிது நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. ரோமக் கையால் தட்டியதால் அது பெரிய சத்தமாக இல்லை.

மழை ஓய்ந்து பல நாள் கழித்து விசாரணைக் குழு கூடியது. பள்ளிக்கூடம் ஒன்றின் வரைபட அறையில் நீளமேசை போட்டு, குழுவினருக்குத் தண்ணீர்ப் பாட்டில் வைத்திருந்தார்கள். பல்செட்காரரும் மனைவியும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். இன்னொரு பக்கம் அந்தப் பெண்ணின் தகப்பனார். சைக்கிள் பழுதுபார்க்கிறவர். கிரீஸ் கறை போகாத கைகளை மடியில் மறைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பூங்காவின் சார்பில் தலைமை மகிழ்ச்சி அலுவலர் எழுந்தார். குரல் தழுதழுத்தது.

“ஐயா, அன்று எங்கள் ஊழியர் எவரும் பணியில் இறக்கவில்லை என்பதை நிம்மதியோடு தெரிவித்துக்கொள்கிறேன். அந்தப் பெண் எங்கள் விதிகளில் இரண்டைத் தானாக மீறினார். தலையைக் கழற்றினார். பேசினார். தலையைக் கழற்றிய நொடியிலிருந்து அவர் கரடி அல்ல. கரடி அல்லாதவருக்கு அந்தக் கூடத்தில் பணி இல்லை. பணி இல்லாதவர், மணிக்கட்டில் பட்டையும் இல்லாமல், எங்கள் வளாகத்தில் இருந்திருக்கிறார். இருந்தும் நாங்கள் அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. அது எங்கள் பெருந்தன்மை.”

குழுத் தலைவர் தலையசைத்துக்கொண்டார். சைக்கிள்காரர் எழுந்து நின்றார். எழுந்து நிற்க வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேங்க. அந்தப் பூட்டு எதுக்கு?”

“குழந்தைகளின் நம்பிக்கையைப் பாதுகாப்பதற்காக,” என்றார் தலைமை.

சைக்கிள்காரர் ரொம்ப நேரம் அதை யோசித்தார். பிறகு உட்கார்ந்தார்.

பல்செட்காரர் எழுந்து நடந்ததைச் சொன்னார். “உங்களை எச்சரித்தது யார்?” என்று கேட்டார் குழுத் தலைவர். “அந்தப் பொண்ணு சார்.” “எந்த உடையில் இருந்தார்?” “கரடி உடையில.” “அப்படியானால் கரடி மாமாதான் காப்பாற்றினார் என்று சொல்லலாமா?” பல்செட்காரர் இல்லை என்றார். ஆனால் குழுவின் முடிவில் அப்படித்தான் இருந்தது. விருந்தினர் அனைவரையும் காப்பாற்றியது கரடி மாமா. இறந்தது, அனுமதியின்றி உள்ளே இருந்த ஒருவர்.

பூங்கா மறுபடி திறக்கப்பட்ட நாளுக்கு வாலுவுக்குச் சிறப்பு அழைப்பு வந்தது. கரடி மாமாவுக்கு மேடையில் பதக்கம் அணிவிப்பார்கள், அன்று தப்பிய குழந்தைகளின் சார்பில் வாலு அவருக்கு மாலை போட வேண்டும். பல்செட்காரர் அதைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனார்.

“போவோம்,” என்றாள் மனைவி.

“பைத்தியமா உனக்கு? அங்க எதுக்கு?”

“எனக்கு ஒண்ணு பாக்கணும்.”

வெயில் பளிச்சென்று அடித்தது. அட்டை அரண்மனைக்குப் புது மாடம் வைத்திருந்தார்கள். கூட்டம் நிறைய. தலைமை மகிழ்ச்சி அலுவலர் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பேசினார். கூடுதல் காற்றோட்டத்தின்போதும் பூங்கா மூடப்படவில்லை என்பதைச் சொன்னபோது பலத்த கைதட்டல். கரடி மாமா மேடைக்கு வந்தார். புது உடை. உள்ளே புது ஆள். வாலு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லு கண்ணு,” என்று தலைமை ஒலிவாங்கியை அவள் வாயருகே கொண்டுபோனார். “உன்னைக் காப்பாத்தினது யாரு?”

“அக்கா,” என்றாள் வாலு.

“கரடி மாமாவை அக்காங்கறா பாருங்க!” என்று அவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் மனைவி மேடையேறினாள். நேரே கரடிக்குப் பின்னால் போனாள். முதுகு ரோமத்தை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சாவி எங்க?” என்று கேட்டாள்.

ஒலிவாங்கியில் அது கூட்டம் முழுக்கக் கேட்டது. தலைமை மகிழ்ச்சி அலுவலர் கொஞ்சமும் தடுமாறவில்லை. “சாவி பத்திரமா உடை அறையில இருக்கும்மா,” என்றார் பெருமையோடு. “அதைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க.”

கைதட்டல்.

“கொண்டு வாங்க.”

“எதுக்கும்மா?”

“இதைத் திறக்கணும். நீங்க கொண்டு வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்.”

மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் படியேறினார்கள். பல்செட்காரர் அவர்களுக்கு முன்னால் ஏறிக் குறுக்கே நின்றார். “யாரையும் தொடாதீங்க,” என்றார். “சாவியைக் கொண்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்.” கரடி அசையாமல் நின்றது. வாலு மாலையைக் கீழே வைத்துவிட்டு அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூட்டத்திலிருந்து நெற்றித் தழும்போடு பலூன்காரர் மேடையேறி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர், அன்று அந்தப் படிக்கட்டில் ஏறியவர்கள். யாரும் கத்தவில்லை. வந்து நின்றார்கள்.

வேறு வழியில்லாமல் தலைமை மகிழ்ச்சி அலுவலர் சாவிக்கு ஆள் அனுப்பினார். உடை அறைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்ததும், காட்சி நடக்கும்போது சாவியை வெளியே எடுக்க விதியில்லை என்றார். காட்சியை முடித்துவிடலாமே என்றால், ஊர்வலம் நடக்காமல் காட்சி முடியாது. கரடி இல்லாமல் ஊர்வலம் நடக்காது. இதற்கு விலக்குத் தர அதிகாரம் உள்ளவர் யார் என்று பெரிய அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். அங்கே எடுத்தவர் இனிமையாகச் சிரித்துவிட்டு, நேரில் வரச் சொன்னார்.

கரடி கொஞ்ச நேரத்தில் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டது. வாலு அதன் வயிற்றில் காதை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனைவி பூட்டின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அன்றைக்குக் காற்று ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. உடை அறை மேடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதன் கதவுகூடத் தெரிந்தது. அங்கேயிருந்து சாவி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.